சோதனைப் பாகம் (அலுமினிய மில்லிங்)

மில்லிங் எந்திரத்தையோ வெட்டும் முறையையோ சோதிப்பதற்கென்றே வடிவமைக்கப்படும் பாகம், விற்பனைக்கானதன்று. அமெரிக்க விமானத் தொழில்துறையின் என்.ஏ.எஸ். 979 தரநிலை வகுத்த வட்டம்-சாய்சதுரம்-சதுரப் பாகம் நெடுங்காலமாகப் புழங்குகிறது. சீனாவின் செங்டு விமான நிறுவனம் முன்வைத்த, முறுகிய மெல்லிய சுவர் கொண்ட 'எஸ்' வடிவப் பாகம் 2020இல் ஐ.எஸ்.ஓ. 10791-7 தரநிலையில் இடம்பெற்றது.

அலுமினியம் மென்மையானது, ஆகவே வெட்டுவது எளிது என்பது பாதி உண்மையே. அதன் மீள்தன்மைக் குணகம் எஃகினதில் மூன்றிலொரு பங்கு. ஒரே விசைக்கு ஒரே அளவுள்ள சுவர் மும்மடங்கு வளையும். கட்டர் விலகியதும் நிமிர்ந்து, கணக்கிட்டதைவிடத் தடித்து நிற்கும். எனவே 7075 போன்ற கலவைகளுக்கான பாகத்தில் உயரத்துக்கும் தடிமனுக்குமான விகிதம் படிப்படியாகக் கூடும் சுவர்களை அமைப்பது நல்லது. உருட்டிய தகட்டினுள் தங்கியிருக்கும் எஞ்சு தகைவால் வரும் சிக்கல் வேறு விதம்: பாகத்தைக் கழற்றிய பிறகே கோணல் தெரியும். ஆகவே பிடிமானத்தில் இருக்கும்போதும் கழற்றிய பின்னும் அளக்க வேண்டும். சுமார் 17% சிலிக்கான் உள்ள ஏ390 வார்ப்புக் கலவையிலோ சிக்கல் கட்டரின் தேய்மானம். அங்கே வைரமுனைக் கட்டரே தாக்குப்பிடிக்கும். எல்லாச் சிக்கலையும் ஒரே பாகத்தில் திணித்தால் எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது.

அளவீட்டுக்கான வெப்பநிலை 20° செல்சியஸ். அதைவிட 5° சூடேறினாலே 500 மி.மீ. அலுமினியப் பாகம் சுமார் 0.06 மி.மீ. நீளும்.