மாலுமியின் கண்ணும் மீனவனின் மூச்சும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது இலுப்பைக்கடவை. அந்தியில் கடலேறி விடியலில் கரைசேரும் சிறுபடகு மீனவர்களின் ஊர். காரிருளில் படகோட்டும் அந்த உழைப்பாளியின் கண்ணையும் நெஞ்சையும் பற்றி எந்தச் சட்டம் கவலைப்படுகிறது?

1875-இல் சுவீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதின. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணே காரணமோ என ஐயுற்ற உடலியல் அறிஞர் ஹோம்கிரேன், வண்ணக் கம்பளி நூல்களால் ஒரு சோதனையை வகுத்தார். கப்பலின் இடப்புற விளக்கு சிவப்பு, வலப்புற விளக்கு பச்சை. ஆகவே கடல்துறையும் நிறப்பார்வைச் சோதனையை மேற்கொண்டது. 1919-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை விமானிக்கும் மருத்துவச் சோதனையை விதித்தது. இன்று மாலுமியின் மருத்துவச் சான்று இரண்டாண்டுக்கு மேல் செல்லாது. பயணிகள் விமானத்தை ஓட்டுபவரின் சான்றுக்கு ஓராண்டே ஆயுள். அறுபது வயதைக் கடந்தால் ஆறே மாதம். யாவும் நல்ல ஏற்பாடுகளே.

ஆனால் மன்னார்க் கடலின் வரலாறு வேறு. 1902-இல் முத்துச்சிப்பியின் நலத்தை ஆராய லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் அழைக்கப்பட்டார். 1905-இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அரசு பெற்ற பங்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். மறு ஆண்டே முத்துப்படுகைகள் லண்டன் கம்பெனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. கல்லில் காலூன்றி, மூச்சடக்கி ஆழத்தில் இறங்கிய குளியாளுக்கோ, நெடுங்காலம் நீருக்குள் காவலாயிருந்தது சுறாவின் வாயைக் கட்டும் ‘கடல்கட்டி’யின் மந்திரமே! சிப்பிக்கு விஞ்ஞானம், மனிதனுக்கு மந்திரம்.

1959-இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் மீனவருக்கென மருத்துவச் சோதனை உடன்படிக்கையை நிறைவேற்றியது. தகுதியற்றவர் எனத் தள்ளப்பட்டவர் வேறொரு நடுநிலை மருத்துவரிடம் மறுசோதனை கோரும் உரிமையையும் அது அளித்தது. ஆயினும் மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்காத படகுகளுக்கு விலக்களிக்கலாம் என்றும் அதில் எழுதப்பட்டது. ஓரிரவுத் தொழிலே வாழ்வான இலுப்பைக்கடவை மீனவர் அந்த இடைவெளியில்தான் நிற்கிறார்.

இன்று வடகடலில் கடலட்டைக்காக வாயு உருளை கட்டி மூழ்குவோர் பலர். ஆழத்திலிருந்து விரைந்து மேலேறினால், குருதியில் கரைந்த நைதரசன் குமிழ்களாகிக் கைகால்களை முடக்கும். முத்து போனது, ஆபத்து போகவில்லை.

சோதனை மட்டும் போதுமா? போதாது. பார்வை குன்றியவருக்குக் கண்ணாடியும், நோயுற்றவருக்குச் சிகிச்சையும், கரையில் தங்கும் நாட்களுக்குச் சோறும் உறுதியாகாதவரை, தகுதிச்சான்று அவருடைய படகைப் பறிக்கும் மற்றொரு ஆயுதமாகிவிடும். விமானியின் கண்ணைக் காக்கும் அறிவு மீனவனின் மூச்சையும் காக்க வேண்டும். அது சலுகையன்று, உழைப்பவனின் உரிமை.