அல்லி அரசாணி மாலை: காதலும் மாயமும்

அல்லி அரசாணி மாலை தமிழ்நாட்டில் பரவலாக வழங்கிய கதைப்பாடல்களுள் ஒன்று. மதுரையை ஆண்ட அல்லியை அருச்சுனன் மணந்த கதையை இது கூறுகிறது. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சென்னை அச்சகங்கள் இதை வெளியிட்டன. ஒருவர் இராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது வழக்கம். எழுத்தறியாதவரையும் கதை அவ்வாறே எட்டியது. அட்டையில் புகழேந்திப் புலவர் இயற்றியது என்றிருக்கும். நளவெண்பாவின் செறிவான நடையோடு இதன் பேச்சுநடையை ஒப்பிட்டால் அது பொருந்தாது, ஆய்வாளர்களும் ஏற்பதில்லை.

வியாச பாரதத்தில் அருச்சுனன் தீர்த்த யாத்திரையின்போது சித்திராங்கதையை அவள் தந்தையிடம் முறைப்படி பெண் கேட்டு மணக்கிறான். வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாகப் பாடினார். அல்லி இவளுடைய நாட்டுப்புற வடிவம் என்பர். ஆனால் அல்லியைப் பெண் கேட்க முடியாது. அவளே அரசி, திருமணமே வேண்டாம் என்றிருப்பவள். ஆகவே கண்ணனின் துணையோடு அருச்சுனன் பாம்பு உருவெடுத்து அவள் பள்ளியறைக்குள் புகுகிறான். உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்தவள் சினங்கொள்கிறாள். பிறகு மனைவியாகிறாள், புலந்திரன் பிறக்கிறான்.

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1819இல் எழுதிய ‘லா பெல் டாம் சான் மெர்சி’ என்ற கதைப்பாடலும் காதலையும் மாயத்தையும் பற்றியதே. அதில் மயக்குபவள் பெண். குளிர்ந்த மலைச்சரிவில் தனித்து வாடுபவன் வீரன். அவளை இரக்கமற்றவள் என்கிறது தலைப்பு. ஆனால் நடந்ததைச் சொல்வது வீரன் மட்டுமே; அவள் தரப்பு நமக்குக் கிடைப்பதில்லை. மாணவர்கள் இதை மறக்கலாகாது.

அல்லி கதையில் மயக்குபவன் ஆண். அவனை யாரும் இரக்கமற்றவன் என்று சொல்லவில்லை. கண்ணனின் லீலை என்று கேட்டோர் சிரித்தனர். தூங்குபவளின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? மாயம் என்ற சொல் இங்கே வலுக்கட்டாயத்தை மூடும் போர்வை. எனினும் பாடல் அவளுடைய ஆட்சித்திறனையும் கோபத்தையும் மறைக்காமல் விரித்துச் சொல்கிறது. பெண்கள் இக்கதையை விரும்பிக் கேட்டதற்கு அதுவும் காரணமாயிருக்கலாம். பேச்சு வழக்கிலோ ‘அல்லி ராஜ்யம்’ என்பது பெண் கை ஓங்கிய வீட்டைக் கேலி செய்யும் தொடராகிவிட்டது.

கதை இத்தோடு நிற்கவில்லை. புலந்திரன் விளையாடப் பவளத்தேர் கேட்க, பவளம் தேடிப் போன அருச்சுனன் பவளக்கொடியைக் கண்டு அவளையும் மணக்கிறான். பவளக்கொடி மாலை சொல்லும் அந்தக் கதை 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. எம். கே. தியாகராஜ பாகவதருக்கு அதுவே முதல் படம்.