முடிக்கு ஆவி கொடுத்தல்

முடிக்கு ஆவி கொடுத்தல் என்பது எண்ணெயோ கண்டிஷனரோ தடவிய தலைமுடியைச் சற்று நேரம் ஈரச்சூட்டில் வைத்திருந்து, பிறகு அலசும் பராமரிப்பு முறை. அழகு நிலையங்களில் ‘ஹேர் ஸ்பா’ என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இதுதான். வீட்டில் இதற்கு வெந்நீரும் ஒரு துண்டும் போதும். திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம் என விரியும் பின்னலாடை வட்டாரத்தில் இதைச் செய்வோர் ஊரின் இயல்பையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது. பனியன் கம்பெனி வேலையில் தலையில் பஞ்சுத் தூசி படிகிறது. நல்ல தேங்காய் எண்ணெயும் மென்மையான பருத்தித் துணியும் மட்டும் பஞ்சமில்லாமல் கிடைக்கின்றன.

ஈரச்சூட்டில் நடப்பது

தலைமுடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மேற்பரப்பில் கூரை ஓடுகளைப் போலச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். உள்ளே இருப்பது முடிக்கு வலிமை தரும் புறணி. சாதாரண நாளிலேயே முடி தன் எடையில் ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கி வைத்திருக்கும். முழுக்க நனைந்தால் அது 30 விழுக்காட்டை எட்டும். அப்போது முடியின் தடிமன் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுகிறது. நீளமோ ஒன்றிரண்டு விழுக்காடுதான் கூடும். முடி உப்பும்போது செதில்களின் விளிம்பு லேசாகத் தூக்கிக்கொள்கிறது. புரதச் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீரில் அவிழ்ந்து, உலரும்போது மறுபடி கட்டிக்கொள்கின்றன. கந்தகப் பிணைப்புகளை ஆவி ஒன்றும் செய்வதில்லை. சுருட்டை முடி ஆவியில் நிமிர்ந்தாலும் அடுத்த குளியலில் பழையபடி சுருள்வது அதனால்தான்.

பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சாயமேற்றி உலர்த்திய துணியைக் காம்பேக்டிங் எந்திரத்தின் உருளைகளுக்குள் விடும்முன் ஆவி காட்டுகிறார்கள். பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு இடையிலும் ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் இருக்கின்றன. அவை ஈரச்சூட்டில் நெகிழ, இழுபட்டிருந்த கண்ணிகள் சுருங்கி இயல்புக்குத் திரும்புகின்றன. தைத்த சட்டை வீட்டில் துவைக்கும்போது அவ்வளவாகச் சுருங்காது. அயர்னிங் மேசையில் ஆவி அடித்த கையோடு வேக்குவத்தை இயக்கி ஈரத்தை உறிஞ்சுவதும் இதே காரணத்துக்காக: ஈரத்தில் கொடுத்த வடிவம் உலர்ந்த பிறகே நிற்கும். ஆவி கொடுத்த முடியைச் சிக்கெடுத்து, வகிடு எடுத்துச் சீவி உலரவிட்டால் அது சொன்னபடி படிந்திருப்பதும் இதனால்தான்.

ஆவி ஈரத்தை முடிக்குள் பூட்டி வைக்கிறது என்று விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. மழையை மேற்கே உதறிவிட்டுப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில், முடி சில மணி நேரத்தில் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கே இறங்கிவிடும். நிற்பது ஈரமல்ல, தடவிய பொருள். சூட்டில் எண்ணெய் இளகி எல்லா இழைகளிலும் சீராகப் பரவுகிறது. கண்டிஷனரில் உள்ள நேர்மின்னேற்ற மூலக்கூறுகள், எதிர்மின்னேற்றம் கொண்ட பழுதான முடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டு உராய்வைக் குறைக்கின்றன. நிறம் வெளுத்த, மருந்து போட்டு நேராக்கிய, நுனி வெடித்த முடியில் மேற்படலக் கொழுப்பு தேய்ந்துபோயிருக்கும். அப்படிப்பட்ட முடிக்கே பலன் கண்ணுக்குத் தெரியும். ஒட்ட வெட்டிய ஆரோக்கியமான கிராப்புக்கு ஆவி கொடுப்பது நேர விரயம். முடி வளர்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வளர்ச்சி வேர்க்கால்களில் நடக்கிறது. வெளியே தெரியும் முடி உயிரற்ற இழை.

எண்ணெய்

காங்கேயம் வட்டாரம் கொப்பரை உலர்களங்களுக்கும் தேங்காய் எண்ணெய் ஆலைகளுக்கும் பேர்போனது. முடியைப் பொறுத்தவரை தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. செதில்களைத் தாண்டிப் புறணிக்குள் புகக்கூடியது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது. ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும், கொழுப்பமிலத்தின் அமைப்பைக் கொண்டு பார்த்தால் முடிவு பொருந்தி வருகிறது.

தலைக்குக் குளிக்கும் முன்பே எண்ணெய் வைப்பது கொங்கு நாட்டு வழக்கம். நனைந்து உப்பும் முடிக்குள் நீர் அளவுக்கு மீறிப் புகாமல் எண்ணெய் தடுக்கிறது. பிறகு அரப்புத் தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். அரப்பு என்பது உசில் மரத்தின் இலைப்பொடி. அதிலுள்ள சப்போனின் எண்ணெயை வழித்தெடுக்கும், கஞ்சியின் மாவுச்சத்து முடிமேல் மெல்லிய பூச்சாக நிற்கும். எண்ணெய் வைத்து, வெந்நீரில் குளித்து, சாம்பிராணிப் புகையில் உலர்த்திய பழைய எண்ணெய்க் குளியலில் ஆவி சிகிச்சையின் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளியில் எண்ணெய்க் குளியல் என்ற கணக்கு நடைமுறையில் ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்துவிட்டது.

செய்முறை

பஞ்சுத் தூசி உள்ள தலையில் நேரடியாக ஆவி கொடுத்தால் தூசியும் எண்ணெயும் கலந்து பிசினாகிவிடும். முதலில் உலர்ந்த முடியை அகன்ற பல் சீப்பால் சீவித் தூசியை உதற வேண்டும். எண்ணெய் என்றால் உலர்ந்த முடியிலேயே தடவலாம். கண்டிஷனர் என்றால் ஷாம்பு போட்டு அலசி, நீரைப் பிழிந்த பிறகு, காதுக்குக் கீழே உள்ள பகுதியில் தடவுவது நல்லது. பின்பு துண்டை வெந்நீரில் நனைத்து முறுக்கிப் பிழிந்து, முன்னங்கையில் வைத்துச் சூடு பார்த்து, தலையைச் சுற்றிக் கட்டி, மேலே பிளாஸ்டிக் தொப்பி மாட்டுவது எளிய முறை. ஐந்து நிமிடத்தில் துண்டு ஆறிவிடும். இரண்டு மூன்று தடவை மாற்றிக் கட்டலாம். முடி உப்புவதில் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே 15 முதல் 20 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதில் லாபமில்லை. வாரம் ஒருமுறை போதும். அடிக்கடி உப்பிச் சுருங்கும் முடி தளர்ந்து, நுனியில் எளிதாக முறியும்.

சளிக்கு ஆவி பிடிக்கும் மின்கருவியை இதற்குப் பயன்படுத்துவோரும் உண்டு. இந்த ஊரில் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலிவான கருவிகள் பலவும் தண்ணீருக்குள்ளேயே மின்சாரத்தைச் செலுத்திக் கொதிக்க வைப்பவை. ஆவி போதவில்லை என்றால் சிட்டிகை உப்புச் சேர்க்கும்படி குறிப்பேடே சொல்லும். ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் கருவி பொங்கி, கொதிநீரைத் தெறிக்கவிடும். இயங்கும்போது அந்தத் தண்ணீரில் கை வைத்தால் ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு. துண்டு முறையே மேல். குக்கர் ஆவியையும், துணிக்கு அடிக்கும் ஸ்டீம் அயர்னையும் தலைக்குக் காட்டவே கூடாது: ஆவி தோலில் பட்டு நீராக மாறும்போது, தன்னிடமுள்ள மறைவெப்பம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. 70 பாகை செல்சியஸ் நீரே ஒரு விநாடியில் தோலைச் சுட்டுவிடும். கொதிநீர்ப் பாத்திரத்தைக் குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைப்பதும் ஆபத்து.

தண்ணீர்

சாயத்தைப் பருத்தியில் ஏற்ற உப்பு ஏராளமாகத் தேவை. பல பத்தாண்டுகளாக அந்த உப்பு நொய்யல் ஆற்றிலும் நிலத்தடியிலும் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. கழிவுநீரே வெளியேறாத சுத்திகரிப்பு அதன் பிறகுதான் இறுகியது. பவானித் தண்ணீர் குழாய் வழியே வருகிறது. ஆனாலும் குளிக்கவும் துவைக்கவும் ஆழ்குழாயை நம்பும் வீடுகளும் விடுதிகளும் இருக்கின்றன.

உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் எழும் ஆவியில் உப்பு இருக்காது. அது பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். துண்டை நனைப்பதிலும் அலசுவதிலும்தான் உப்பு முடிக்கு வந்து சேர்கிறது. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் குளியல் சோப்பு தேய்த்தால் கரையாத பிசுக்கு படியும். ஷாம்புவில் அந்தத் தொல்லை குறைவு. கடின நீர் முடியின் வலிமையைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியின் தோல் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இழுவலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2018இல் பாகிஸ்தானில் ஆண்களின் முடியை வைத்துச் செய்த ஆய்வில் வலிமை குறைந்திருந்தது. சொரசொரப்பைக் குறைக்கக் கைவசம் உள்ள எளிய வழி, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு பவானிக் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ வைத்துக்கொள்வது. ஆவிக்குச் செலவிடும் 20 நிமிடத்தைவிட இந்த ஒரு சொம்புக்குப் பலன் அதிகமாக இருக்கலாம்.

துவட்டுதல்

ஈரமுடியைச் சொரசொரப்பான டர்க்கித் துண்டால் தேய்த்தால் தூக்கிய செதில்கள் சிக்கி உரியும். சிங்கிள் ஜெர்சிப் பனியன் துணி வழவழப்பானது, நீட்சி உள்ளது, தண்ணீரையும் உறிஞ்சும். பழைய டி-சர்ட் அல்லது திருப்பூர் காதர்பேட்டையில் மலிவாக வாங்கிய சர்ப்ளஸ் பனியன் எதுவானாலும் போதும். நூறு விழுக்காடு பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்தது அவ்வளவாக ஈரம் இழுக்காது. தேய்க்காமல், முடியை அதில் பொதிந்து அழுத்தி எடுக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவர்கள்

தலையில் புண், படை, பேன்கடிச் சிரங்கு உள்ளவர்களும், முடி நேராக்கும் மருந்து போட்டுச் சில நாள்களே ஆனவர்களும் ஆவியைத் தள்ளிப்போட வேண்டும். பொடுகு உள்ளவர்கள் எண்ணெய் வைத்து ஆவி கொடுப்பது பரவலான பழக்கம். ஆனால் பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சை கொழுப்பை உண்டு வாழ்வது. எண்ணெயும் சூடும் ஈரமும் சேர்ந்தால் அதற்கு வசதி கூடும். அவர்கள் உச்சந்தலையை விட்டு முடிநுனிக்கு மட்டும் கொடுக்கலாம். பொடுகுக்குக் கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பு மருந்துக் கடையில் கிடைக்கும். சில வாரங்களில் அதற்கும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.