தாமரைப் பீடமும் தலைவெட்டி முனியப்பனும்



கூனிமேட்டில் நின்று தாமரையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். இங்கிருந்து மரக்காணம் வரை காற்றே உப்புக் கரிக்கிறது. உப்பளப் பாத்தியில் தாமரை முளைக்காது. அதற்கு நல்ல தண்ணீரும் அடியில் சேறும் வேண்டும். சங்கப் புலவர்கள் இந்தக் கரைக்குக் கொடுத்த பூ நெய்தல். ஆனாலும் உப்பு வாரிவிட்டு வீடு திரும்பும் நம் பெண்களின் வீட்டில், காலண்டரில் தாமரைமேல் லட்சுமி இருக்கிறாள். சில வீடுகளில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் தாமரைமேல் புத்தர் இருக்கிறார். ஒரே பூ இரண்டு பேரையும் தாங்குகிறது. இது யாருடைய பூ என்ற கேள்வியை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

நமக்குக் கிடைத்துள்ள பழைய கற்சிற்பங்களில் தாமரை நிறைந்திருப்பது பௌத்த ஸ்தூபிகளில்தான். பர்குத்திலும் சாஞ்சியிலும் கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் புத்தரை மனித உருவில் செதுக்கவில்லை. போதி மரம், காலி இருக்கை, சக்கரம், பாதச் சுவடு ஆகியவற்றால்தான் அவரைக் காட்டினார்கள். அவரைச் சுற்றிய வேலியெல்லாம் தாமரை. நம் மணிமேகலை மணிபல்லவத்தில் வணங்குவதும் சிலையை அல்ல, ஒரு பீடிகையைத்தான். ஆந்திரத்து அமராவதியில் வேலித் தூண் ஒவ்வொன்றிலும் நடுவே முழுத் தாமரை, மேலும் கீழும் அரைத் தாமரை. 1797இல் காலின் மெக்கன்சி அங்கே போனபோது, அந்தக் கற்களை வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சியவற்றில் ஒரு பகுதி லண்டனில் இருக்கிறது, ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாணவர்கள் ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்.

பார்த்துவிட்டுத் திருச்சி மலைக்குப் போங்கள். 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் குடைந்த சிவன் கோயில் தூண்களிலும் அதே வட்டத் தாமரையைக் காண்பீர்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கே போனால் மாமல்லபுரம். அங்கே வராகக் குடைவரையில் தாமரைமேல் அமர்ந்த பெண்ணுக்கு யானைகள் நீராட்டுகின்றன. அவளைக் கஜலட்சுமி என்கிறோம். அதே அமைப்பு 700 ஆண்டுகளுக்கு முன்பே சாஞ்சித் தோரணத்தில் இருக்கிறது. அவள் புத்தரைப் பெற்ற மாயாதேவி என்றார் பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே. லட்சுமி என்றார்கள் வேறு சிலர். சமணத்துக்கும் இதில் பங்கு உண்டு: ஆறாம் தீர்த்தங்கரர் பத்மபிரபரின் சின்னமே தாமரைதான். சோழர் காலத்தில் நாகப்பட்டினத்தில் வார்த்த புத்தர் செம்புச் சிலைகள் 1856 முதல் 350க்கு மேல் கிடைத்துள்ளன. அவற்றில் பலவற்றின் தாமரைப் பீடத்தை மட்டும் பார்த்தால், மேலே இருப்பது புத்தரா, சிவனா, பெருமாளா என்று சொல்ல முடியாது.

ஆகவே தோழர்களே, தாமரைக்கு யாரிடமும் பட்டா கிடையாது. பூவை வைத்துச் சண்டை போடுவதைவிட, அந்தப் பூவின்மேல் எதை ஏற்றினார்கள் என்று கேட்பதே நமக்கு உதவும்.

புராணத்தில் திருமாலின் கொப்பூழ்த் தாமரையில் பிரமன் பிறக்கிறான். இந்தக் கதை பழையது; பெரும்பாணாற்றுப்படையே காஞ்சி நகரத்தை அந்தத் தாமரைக்கு ஒப்பிடுகிறது. பிரமனின் வாய், தோள், தொடை, பாதம் ஆகியவற்றிலிருந்து நான்கு வருணம் பிறந்ததாக மனுநூல் எழுதிவைத்தது. நமக்கு அந்த உடம்பில் பாதத்தில்கூட இடமில்லை. தம்மபதத்தின் மலர் அதிகாரம் வேறொரு தாமரையைக் காட்டுகிறது. சாலையோரம் கொட்டிய குப்பை மேட்டில் ஒரு தாமரை மலர்கிறது. குப்பையாக ஒதுக்கப்பட்டவர்களின் நடுவே அறிவுடையவன் ஒளிர்வது அப்படித்தான் என்கிறது. முதல் தாமரை மேலிருந்து கீழே படிக்கட்டு கட்டுகிறது. இரண்டாவது தாமரை கீழிருந்து எழும்புகிறது.

கல்லில் மட்டுமல்ல, தண்ணீரிலும் இந்த வேறுபாடு இருந்தது. தாமரை பூக்கிற குளத்துக்குள் நாம் இறங்கக் கூடாது என்றார்கள். மகத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்க அம்பேத்கர் 1927 மார்ச் 20இல் ஆயிரக்கணக்கான மக்களோடு நடக்க வேண்டியிருந்தது. மதுரைக் கோயிலின் பொற்றாமரைக் குளத்தை நம்மவர்கள் உரிமையோடு பார்க்க 1939 ஜூலை 8 ஆலய நுழைவு தேவைப்பட்டது. தாமரையைத் தூய்மைக்கு அடையாளம் என்று பாடியவர்கள், நம் கால் பட்டால் குளம் தீட்டாகும் என்றார்கள்.

இப்போது சேலத்துக்கு வருகிறேன். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் வணங்கிவந்த கற்சிலை புத்தர்தான் என்று 2011இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. நீதிமன்றம் தொல்லியல் துறையை நேரில் ஆராயச் சொன்னது. சிலை தாமரைப் பீடத்தில் அர்த்த பத்மாசனத்தில் இருக்கிறது, கைகள் தியான முத்திரையில் இருக்கின்றன, சுருள் முடியும் உச்சிக் கொண்டையும் நீண்ட காதும் தெரிகின்றன, துண்டான தலை பின்னாளில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று அறிக்கை வந்தது. நெடுங்காலமாக முனியப்பனாகவே வழிபடப்படுகிறது என்ற அறநிலையத்துறையின் வாதத்தை 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. சிலையைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கவும், பூசையை நிறுத்தவும் உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுவதோடு அதிலிருந்து பாடமும் கற்க வேண்டும். பீடத்துத் தாமரையை மட்டும் காட்டியிருந்தால் வழக்கு நின்றிருக்காது. கை, முடி, காது, இருக்கை எல்லாம் சேர்ந்து பேசியதால்தான் நின்றது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் நம் வழக்காறுகளுக்குள் பௌத்தத்தைத் தேடும் துணிவைத் தந்தார். அந்தத் துணிவோடு சான்றைச் சேர்க்கும் பொறுமையும் நமக்கு வேண்டும். தாமரையைக் கண்ட இடமெல்லாம் புத்தர் என்று முழங்கினால், மெய்யாகவே புத்தர் இருக்கும் இடத்திலும் நம் பேச்சு எடுபடாது. இன்னொன்றும் மறக்கக் கூடாது. தலை வெட்டுப்பட்ட சிலைக்கு இத்தனை காலம் பொங்கலிட்டுப் பாதுகாத்ததும் எளிய மக்கள்தான். அவர்கள் நமக்கு எதிர்க்கட்சி அல்ல.

மாணவர்களே, இந்தக் கரையில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேப்ப மரத்தடியிலும் கிடக்கும் சிலைகளைப் பாருங்கள். படமெடுங்கள், அளவெடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் என்ன பெயர், யார் கும்பிடுகிறார்கள், யாரைக் கிட்டே விடவில்லை என்று கேட்டு எழுதுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை நீங்களே சுரண்டாதீர்கள். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். நம் வரலாறு இன்னும் சேற்றுக்குள்தான் கிடக்கிறது. தாமரையும் அங்கிருந்துதான் எழுகிறது.