உளவளப் பயிற்சி: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

ஆளுமை விருத்தி, உளவளத்துணைப் பயிற்சி, மன அழுத்த முகாமைத்துவம், வாழ்க்கைப் பயிற்றுநர் சான்றிதழ் என்று பல பெயர்களில் எங்கள் கைத்தொலைபேசிக்கு அழைப்புகள் வருகின்றன. வார இறுதியில் ஒரு விடுதி மண்டபம், காலைச் சாப்பாடு, மேடையில் ஒருவர், முடிவில் சட்டம் போட்ட சான்றிதழ். டலஸ் பக்கம் இருக்கும் எம்மவர் பலர் இப்படி ஒன்றுக்காவது போயிருக்கிறார்கள். நாங்களும் ஒருமுறை போனோம். இரண்டு நாள் கைதட்டினோம், திங்கட்கிழமை பழையபடி வேலைக்குப் போனோம். ஐந்தொகையில் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்தப் பயிற்சிகள் எல்லாம் ஒரே சாமான் அல்ல. முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, தன்முன்னேற்றப் பயிற்சி. அமெரிக்காவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. டேல் கார்னகி 1912இல் நியூயோர்க்கில் மேடைப்பேச்சு வகுப்பாகத் தொடங்கினார். 1936இல் வந்த அவருடைய புத்தகம் உலகம் முழுவதும் போனது. தமிழில் அப்துற் றஹீமும், அமெரிக்காவில் வாழ்ந்து தமிழ்நாடு திரும்பிய எம்.எஸ். உதயமூர்த்தியும் இதே துறையில் எழுதினார்கள். கூச்சம் போகும், கூட்டத்தில் பேச வரும், நேர்முகத் தேர்வுக்கு உதவும். இவை சின்ன விடயங்கள் அல்ல. ஆனால் ஷெல்லடியில் பிள்ளையை இழந்த தாய்க்கு இதில் மருந்து கிடையாது.

மற்றது, பிறருடைய துன்பத்தைக் கேட்கப் பழகும் பயிற்சி. இதில் எங்கள் மண்ணுக்கே ஒரு சொந்த அனுபவம் இருக்கிறது. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது. எங்களில் பலருக்கும் மறந்துவிட்டது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் அங்கேயே இருந்து வேலை செய்தவர். 1998இல் வெளிவந்த ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ என்ற ஆங்கில நூலில் போர் எமது மக்களின் மனதுக்குச் செய்ததை எழுதினார். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் எதிர்கொண்டது ஒரு எளிய கணக்கு: துன்பப்பட்டவர்கள் இலட்சக்கணக்கில், உளமருத்துவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எனவே ஆசிரியர்கள், கிராம மட்ட உத்தியோகத்தர்கள், சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோருக்கு அடிப்படை உளவளத்துணை பழக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் ‘சாந்திகம்’ போன்ற நிலையங்கள் இந்த வேலையைச் செய்தன. மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், அவரவர் சமயத்து மந்திரத்தையோ செபத்தையோ திரும்பத் திரும்பச் சொல்வது எனச் சனங்களுக்குப் பழக்கமானவற்றையே தளர்வுப் பயிற்சியாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் “மனம் சரியில்லை” என்று வந்து சொல்லமாட்டார்கள். நெஞ்சு பாரம், பெருமூச்சு, உடம்பு எரிவு, நித்திரை இல்லை என்பார்கள். அதைக் கேட்டு விளங்கிக்கொள்வதும் பயிற்சியில் ஒரு பகுதி.

இதற்குப் பலன் இருந்ததா? கணக்காளர் புத்தி அதைத்தான் முதலில் கேட்கும். 2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் முகாம்களில் இருந்த 31 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஒரு பிரிவினருக்குத் தங்கள் கதையை ஒழுங்காகச் சொல்லும் சிகிச்சையையும், மற்றப் பிரிவினருக்குத் தியானமும் தளர்வும் கலந்த பயிற்சியையும் ஆறு அமர்வுகளில் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 81 வீதமானோரும் இரண்டாவதில் 71 வீதமானோரும் நெருக்கீட்டு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். தொகை சிறியது; பயிற்சி எதுவும் பெறாத பிள்ளைகளோடு ஒப்பிடவும் இல்லை. ஆனாலும் உளமருத்துவர் அல்லாதவர்களும் இதைச் செய்யலாம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

நட்டப் பக்கத்தையும் எழுதத்தான் வேண்டும். வடக்கில் 399 பாடசாலைப் பிள்ளைகளிடம் ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள் நடத்திய இன்னொரு ஆய்வு 2012இல் வந்தது. நெருக்கீடு, பதகளிப்பு, மனச்சோர்வு ஆகியவற்றில் பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்கும் பெறாதவர்களுக்கும் பொதுவாக வித்தியாசம் இல்லை. நடத்தைப் பிரச்சினைகளில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகளின் நெருக்கீட்டு அறிகுறிகள், பெறாத பெண்பிள்ளைகளுடையதை விடக் குறைவாகவே இறங்கின. நல்ல நோக்கத்தோடு நல்ல ஆட்கள் செய்த வேலை அது. அப்படியிருக்க, “இரண்டே நாளில் பழைய காயம் முழுக்க ஆறும்” என்று மேடையில் சொல்பவரை நாம் எப்படி நம்புவது? அனர்த்தம் நடந்த உடனே ஆட்களை இருத்தி, நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் சொல்ல வைக்கும் முறையும் பயன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று கண்டு கைவிட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் மூன்று சொல்லில் நிற்கிறது: பார், கேள், இணைத்துவிடு. கதையைத் தோண்டு என்று அதில் இல்லை.

தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் எங்கள் உறவுகளிடமும் ஒரு முயற்சி நடந்தது. சென்னையில் 1986இல் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு நிலையத்தைத் தொடங்கிய உளமருத்துவர் லட்சுமி விஜயகுமார், அகதிகளையே தொண்டர்களாகப் பழக்கி, ஆபத்தில் இருப்பவர்களை ஒழுங்காகப் போய்ச் சந்திக்கவும் அவர்களுக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதிக் கொடுக்கவும் செய்தார். முகாமில் வாழும் ஒருவர் முகாமில் வாழும் இன்னொருவரிடம் போகிறார். அதற்கு விடுதி மண்டபம் தேவைப்படவில்லை.

இனி ரிச்சர்ட்சன் கதை. ஒரு வரிக்கால மாதம். எங்களிடம் கணக்குக் கொண்டுவரும் ஒரு அண்ணை கடதாசிகளை மேசையில் வைத்துவிட்டு, “நித்திரை வருகுதில்லைத் தம்பி, இனி என்னத்துக்கு எண்டு கிடக்கு” என்றார். “இரவு வேலையைக் குறையுங்கோ அண்ணை” என்று சொல்லி அடுத்த கடதாசியைக் கேட்டோம். மூன்று வாரம் கழித்து அவர் வைத்தியசாலையில் என்று கேள்விப்பட்டோம். உயிர் தப்பிவிட்டார். அவர் சொன்னதற்குள் ஒரு கேள்வி இருந்தது. அதைக் காதில் வாங்க எங்களுக்குத் தெரியவில்லை. டெக்சாஸில் உரிமம் பெற்ற கணக்காளர் மூன்று வருடத்தில் 120 மணித்தியாலம் தொடர்கல்வி காட்ட வேண்டும். வரிச் சட்டம் மாறினால் எங்களுக்கு உடனே தெரியும்.

அதற்குப் பிறகுதான் மனநல முதலுதவி வகுப்புக்குப் போனோம். அவுஸ்திரேலியாவில் பெற்றி கிச்சனர், அன்ரனி ஜோம் தம்பதியினர் 2000இல் தொடங்கியது. 2008இல் அமெரிக்காவுக்கு வந்தது. ஒரு நாள் அளவு நேரம்தான், சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும். அங்கே யாரும் எங்களை வெற்றியாளர் ஆக்குவதாகச் சொல்லவில்லை. ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது, தைரியமும் தகவலும் கொடுப்பது, துறைசார் உதவிக்கு அனுப்புவது, தன்னால் செய்யக்கூடியதைச் செய்ய ஊக்குவிப்பது, இவ்வளவுதான். ஒன்றை மட்டும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை: “தற்கொலை எண்ணம் இருக்கிறதா” என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நாங்கள் ஐம்பது வயது வரை நம்பியது நேர்மாறாக.

காசு கட்டுமுன் பார்க்க வேண்டியவையும் சில உண்டு. டெக்சாஸில் உரிமம் பெற்ற உளவளத்துணையாளர் ஆவதற்கு முதுகலைப் பட்டத்துக்கு மேல் 3,000 மணித்தியாலம் மேற்பார்வையின் கீழ் வேலை செய்ய வேண்டும். வாழ்க்கைப் பயிற்றுநர் என்று பலகை போட எந்த உரிமமும் தேவையில்லை. ஒருவருக்கு உரிமம் இருக்கிறதா என்று மாநிலத்தின் நடத்தைசார் சுகாதார நிர்வாகச் சபையின் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம், இலவசம். ரிச்சர்ட்சன் நகரம் டலஸ், கொலின் என இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது; பொதுநிதியில் கிடைக்கும் மனநல உதவிக்கு வீடு எந்தக் கவுண்டியில் என்று முதலில் பாருங்கள், நிலையங்கள் வேறு வேறு. அவசரமென்றால் 988. 2022 யூலையிலிருந்து நாடு முழுவதும் இந்த மூன்று இலக்கம் வேலை செய்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம்.

வகுப்பு ஆங்கிலத்தில். அதனால் நாங்கள் ஆறு குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி அந்த நேர்க்கேள்வியைத் தமிழில் சொல்லிப் பழகினோம். புத்தகத் தமிழில் கேட்டால் பொலிஸ் விசாரணை மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு அக்கா சொன்னது நின்றது: “அண்ணை, செத்துப் போகலாம் எண்டு யோசினை வருகுதோ?” முதல் நாள் எங்களில் நாலு பேருக்கு அது வாயில் வரவில்லை. ஒருவர் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் கூடினோம்.