பையைத் திறந்து காட்டுங்கள்

1905-க்குப் பிறகு இங்கிலாந்தில் ஒரு மருத்துவச்சியின் வீட்டுக் கதவு தட்டப்பட்டால், வலி கண்ட பெண்ணின் புருஷன்தான் ஓடிவந்திருக்கிறான் என்று நினைத்துவிட முடியாது. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து நிற்கலாம். பையைத் திறக்கச் சொல்வார். கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், நகம் தேய்க்கும் பிரஷ், கிருமிநாசினி, சிறுநீர் எடுக்கும் குழாய், எனிமாவுக்கென்று தனிக் கருவி எல்லாம் இருக்க வேண்டும். பையின் உள்துணி கழற்றிச் சுத்தம் செய்யும்படி தைக்கப்பட்டிருக்க வேண்டும். பிரசவத்துக்குப் போட்டுப்போகும் கவுன் துவைக்கிற துணியில் இருக்க வேண்டும். பதிவேட்டைப் புரட்டுவார். அப்புறம் மருத்துவச்சியின் வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்.

அடுத்தவர் வீட்டுக்குள் போய் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கண்காணிப்பது எப்படி என்று அந்த நாடு ஐம்பது ஆண்டுகளாகத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த வழி இது.

அதற்கு முன் என்ன நிலைமை? சார்லஸ் டிக்கன்ஸ் 1843-44-இல் தொடராக எழுதிய ‘மார்ட்டின் சஸில்விட்’ நாவலில் சேரி கேம்ப் என்றொரு கிழவி வருகிறாள். பிரசவம் பார்ப்பாள், நோயாளிக்கு ராக்காவல் இருப்பாள், செத்தவரைக் குளிப்பாட்டிக் கிடத்துவாள். கையில் பெருங்குடை, மூச்சில் சாராய நெடி. நோயாளியின் தலையணையையே உருவித் தன் நாற்காலிக்கு மெத்தையாக்கிக்கொள்கிற ஜாதி. வாசகர்கள் சிரித்தார்கள், கூடவே, இப்படி ஒருத்தியைத் தங்களுக்கும் தெரியும் என்று தலையாட்டினார்கள். தாதிகளைக் கேலி செய்ய அவள் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஊரிலுள்ள தாதிகள் எல்லோரும் கேம்புகளாக இருந்திருக்க முடியாதுதான். ஆனால் எவள் கேம்ப், எவள் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழியும் கிடையாது.

லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போனுக்கு நல்ல தாதி வாய்த்தாள். 1859-இல் அவர் மனைவி நோயில் கிடந்து இறந்தபோது உடனிருந்து கவனித்தவள் மேரி ராபின்சன். பணமிருந்த வீட்டுக்கு இந்தக் கவனிப்பு கிடைத்தது, குடிசைவாசிக்கு என்ன வழி என்று யோசித்த ராத்போன், மூன்று மாதச் சம்பளம் பேசி அவளை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். ஒரு மாதம் ஆனதும், அந்தத் துயரத்தைக் காணச் சகிக்கவில்லை, விட்டுவிடுங்கள் என்று திரும்பி வந்தாள். சமாதானப்படுத்தி அனுப்பினார். மூன்றாம் மாத முடிவில், இனி இதுதான் என் வேலை என்று சொல்லிவிட்டாள்.

அவளைப் போல இன்னும் பத்துப் பேர் தேடியபோதுதான் சிக்கல் புரிந்தது. பயிற்சி பெற்ற தாதிகளே இல்லை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கு எழுதினார்; நீங்களே ஒரு பள்ளி தொடங்குங்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த யோசனை. லிவர்பூல் மருத்துவமனையை ஒட்டிப் பயிற்சிப் பள்ளி வந்தது. சில ஆண்டுகளில் நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரத்துக்கு ஒரு செவிலியும் அவருக்கு மேல் ஒரு சீமாட்டியும் அமர்த்தப்பட்டார்கள். தரம் பார்க்கும் பொறுப்பு அந்தச் சீமாட்டியிடம் இருந்தது. மருத்துவம் அவருக்குத் தெரியாது. தன் வீட்டில் வேலைக்காரிகளை மேய்த்த அனுபவம் மட்டும் உண்டு.

இந்தக் குறையை 1874-இல் லண்டனில் தொடங்கிய செவிலியர் சங்கம் கவனித்தது. அதன் தலைமையில் இருந்த ஃபுளோரன்ஸ் லீஸ் நைட்டிங்கேல் பள்ளியில் படித்தவர். செவிலியை மேற்பார்க்கிறவரும் செவிலியாகவே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். செவிலி தர்மம் போடப் போகிறவள் அல்ல, நோயாளி கிடக்கும் அறையைப் பெருக்கித் துடைத்து ஒழுங்கு செய்வதில் தொடங்கி வேலையைக் காட்ட வேண்டியவள் என்றும் வகுத்தார்கள்.

1887-இல் விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்கு நாட்டுப் பெண்கள் திரட்டிய காணிக்கையில் 70,000 பவுண்ட் இந்தப் பணிக்கு வந்து சேர, அதிலிருந்து ராணியின் பெயரால் ஒரு செவிலியர் நிறுவனம் எழுந்தது. அதன் முதல் தலைமை ஆய்வாளர் ரோசலிண்ட் பேஜெட், ராத்போனின் மருமகள் முறை. செவிலியர் பட்டியலில் முதல் பெயரும் அவருடையதே. ஆய்வாளர் ஊர் ஊராகப் போனார், செவிலியுடன் வீடுகளுக்கும் நடந்தார், பதிவேடுகளைப் பார்த்தார், அறிக்கை எழுதினார்.

வார்டு என்றால் வாசலில் நின்றபடியே இருபது கட்டில்களை ஒரு பார்வை பார்த்துவிடலாம். வீடுகளில் அது நடக்குமா? ஆய்வாளர் உடன் வருகிற நாளில் யாரும் கேம்பாக இருக்க மாட்டார்கள். வராத நாட்களை என்ன செய்வது? ஆகவே கண்ணுக்குக் கிடைத்ததைப் பார்த்தார்கள்: ஏடு, உடை, பை. அன்று தொடங்கிய வழக்கம் பொருளை மாற்றிக்கொண்டு இன்றுவரை தொடர்கிறது.

மருத்துவச்சிகளுக்குச் சட்டம் வேண்டும் என்று போராடியவர்களிலும் பேஜெட் ஒருவர். 1902-இல் சட்டம் வந்தது. 1905 முதல் பதிவு பெறாதவள் தன்னை மருத்துவச்சி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. 1910 முதல் அப்படிப் பதிவு பெறாதவள் மருத்துவரின் வழிகாட்டுதல் இல்லாமல் கூலிக்குப் பிரசவம் பார்ப்பதே குற்றம். முதல் பட்டியலில் 22,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் பரீட்சை எழுதாதவர்கள். ஓராண்டாவது தொழில் செய்திருக்கிறார், நடத்தை நல்லது என்ற சான்றோடு சேர்க்கப்பட்டவர்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எத்தனையோ தலைச்சன் பிள்ளைகளைக் கையில் வாங்கியவளிடம் தெர்மாமீட்டரைக் கொடுத்து, படித்துச் சொல் என்றால் எப்படி இருக்கும்! அவளுடைய பையையும் வீட்டையும் சோதித்த சட்டம், அதே தெருவில் அதே வேலைக்கு வந்துபோன மருத்துவரின் பையைத் தொடவில்லை.

இதில் எவரும் எதிர்பாராத ஒரு கணக்கும் உண்டு. முப்பது ஆண்டுகள் இப்படிச் சோதித்தும் இங்கிலாந்து, வேல்ஸில் பிரசவத்தில் தாய்மார் சாவது குறையவே இல்லை. ஆயிரம் பிரசவத்துக்கு நான்கைந்து பேர் என்ற அளவிலேயே நின்றது. 1930-களின் நடுவில் சல்ஃபா மருந்து வந்த பிறகுதான், பிரசவக் காய்ச்சல் அடங்கி, எண்ணிக்கை சரிந்தது. மருத்துவர் பார்த்த பிரசவங்கள் மருத்துவச்சி பார்த்ததைவிடப் பத்திரமாக இருந்ததாகவும் சொல்ல முடியாது. பையைச் சோதித்தது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. தொடர்ந்து தவறு செய்தவர்களைப் பட்டியலிலிருந்து நீக்க அதுதான் வழி செய்தது. ஆனால் சுத்தமான பையும் பிழைத்த தாயும் ஒன்றுக்கொன்று அத்தனை நெருங்கிய சொந்தமாக இருக்கவில்லை.

பிரசவங்கள் மெல்ல மருத்துவமனைக்குப் போய்விட, வீட்டில் மிஞ்சியவர்கள் முதியவர்கள். அவர்களுக்குச் சமைத்து, குளிப்பாட்டி, கடைகண்ணிக்குப் போய்வர நகராட்சிகள் ஆள் வைத்தன. 1968-இல் சட்டம் அதை அவற்றின் கடமையாக்கியது. வேலைக்காரி நகராட்சி ஊழியர், மேற்பார்வையாளரும் நகராட்சி ஊழியர். பெரிதாக யாரும் கேள்வி கேட்கவில்லை.

1990-இன் சட்டம் இதைப் புரட்டிப் போட்டது. 1993-இல் அது நடைமுறைக்கு வந்தபோது, நகராட்சிகளுக்கு மத்திய அரசு தந்த சிறப்பு மானியத்தில் 85 சதவீதத்தை வெளி அமைப்புகளிடம்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ஏஜென்சிகள் முளைத்தன. முதியோர் இல்லம் நடத்த உரிமம் வேண்டும். வீட்டுக்கு ஆள் அனுப்ப நாடு தழுவிய பதிவு எதுவும் வேண்டாம். பத்தாண்டு காலம் ஓடிய இந்த ஓட்டையை 2000-இன் பராமரிப்புத் தரச் சட்டம் அடைத்தது. விதிகள் நடப்புக்கு வர 2003 ஆகிவிட்டது.

இதற்குள் சோதிக்கும் பொருளும் மாறிவிட்டிருந்தது. இப்போது நேரம்தான் கணக்கு. பணியாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் அங்குள்ள தொலைபேசியிலிருந்து ஓர் எண்ணை அழைக்க வேண்டும், கிளம்பும்போது மறுபடி அழைக்க வேண்டும். பின்னாளில் அது செல்பேசி ஸ்கேன் ஆயிற்று. பல நகராட்சிகள் நிமிடக் கணக்கில் காசு கொடுத்தன. 15 நிமிடத்தில் எழுப்பி, கழுவி, உடுத்தி, ஊட்டிவிட முடியுமா என்பதை அந்தக் கருவி கேட்காது. 2011-இல் மனித உரிமை ஆணையம் ஒன்று வெளியிட்ட அறிக்கையில், போதிய சாப்பாடின்றியும் ஈரப் படுக்கையிலும் விடப்பட்ட முதியவர்களின் சாட்சியங்கள் இருந்தன. சாட்சியம் சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்களுக்குக் கிடைத்த கவனிப்பில் திருப்தி என்றே சொன்னார்கள். குறையிருந்த பலர் புகார் செய்யவில்லை. வருகிற பெண்ணும் வராமல் போய்விட்டால்?

2009 முதல் இங்கிலாந்தில் இந்தப் பொறுப்பு பராமரிப்புத் தர ஆணையத்துடையது. 2014-இல் நான்கு தர முத்திரைகளை வழங்கத் தொடங்கியது. உச்சம் ‘மிகச் சிறப்பு’, அடிமட்டம் ‘போதாது’. வீட்டுப் பராமரிப்பில் அதன் ஆய்வாளர் பெரும்பாலும் போவது ஏஜென்சியின் அலுவலகத்துக்கு. மேலாளர் இருக்க வேண்டுமே என்று முன்கூட்டியே தகவல் சொல்லியும் விடுவார். கோப்புகளைப் பார்ப்பார், முதியவர்களோடு தொலைபேசியில் பேசுவார். வீட்டுக்காரர் சம்மதிக்காமல் அவர் வாசற்படி தாண்ட முடியாது. அது சரிதான். உடம்பு முடியாதவர் என்பதால் அவர் வீடு பொதுக் கட்டடம் ஆகிவிடாது.

ஆணையத்தின் பதிவுக்கு வேறொரு மதிப்பும் வந்தது. 2022-இல் பராமரிப்பு வேலைக்கு விசா திறக்கப்பட்டபோது கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கடன் வாங்கிப் போனவர்கள் உண்டு. போன இடத்தில் வேலையே இல்லாத ஏஜென்சிகள் பிடிபட்ட பிறகு, 2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டாரை அழைக்க அந்த ஆணையத்தின் பதிவு கட்டாயமானது. முதியவர்களைக் காக்க எழுதிய பதிவேடு, பணியாளரைக் காக்கவும் வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு ஜூலையில் அரசு நியமித்த பெனி டேஷ் என்பவர் அந்த ஆணையத்தையே சோதித்து அறிக்கை கொடுத்தார். அதன் ஆய்வுக்கு உட்பட்ட இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஒரு தடவைகூடத் தர முத்திரை வழங்கப்படவில்லை. சில அமைப்புகளின் வாசலுக்கு ஆய்வாளர் போய்ப் பத்தாண்டுவரை ஆகியிருந்தது.