பற்களைச் செருகிய தச்சர்
மரச்சக்கரக் கடிகாரம் ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் செய்துவருகிறேன். அதனாலோ என்னவோ, கடற்கடிகாரத்தால் புகழ்பெற்ற ஜான் ஹாரிசன் எனக்கு முதலில் ஒரு தச்சர். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், பாரோ என்ற ஊரில், தச்சர் மகனாக வளர்ந்தவர். 1713இல், இருபது வயதை ஒட்டி, மரத்தில் கடிகாரம் செய்துவிட்டார்.

மரப் பல்லுக்குப் பகை நார் ஓட்டம்தான். ஒரே பலகையில் வட்டம் அறுத்துப் பல் வெட்டினால், சில பற்களில் நார் குறுக்கே விழும். அந்தப் பல் சுமை தாங்காமல் பெயர்ந்துவிடும். ஹாரிசன் ஓக் சக்கரத்தின் விளிம்பில் பள்ளம் எடுத்து, சில பற்கள் கொண்ட சிறு துண்டுகளைச் செருகினார். எந்தப் பல்லிலும் நார் மையத்திலிருந்து வெளியே ஓடும். எத்தனை அழகான தீர்வு!

கடிகாரங்களுக்கு இடும் அக்கால எண்ணெய் நாளடைவில் கெட்டிப்பட்டு ஓட்டத்தைக் கெடுக்கும். 1722 வாக்கில் பிராக்கிள்ஸ்பி பார்க் என்ற இடத்தின் கோபுரக் கடிகாரத்தில் அவர் எண்ணெயையே ஒழித்தார். இயல்பிலேயே எண்ணெய்ப் பசையுள்ள லிக்னம் வைட்டே மரத்தில் அச்சுத் தாங்கிகளைச் செய்தார். முந்நூறு ஆண்டுகள் ஆகியும் அந்தக் கடிகாரம் ஓடுகிறது.

ஹாரிசன் என்றதும், கடலில் தீர்க்கரேகை கண்டறிய அறிவிக்கப்பட்ட 20,000 பவுண்டு பரிசைப் பற்றியே பலரும் பேசுவார்கள். அதற்காக 1735இல் அவர் முடித்த முதல் கடற்கடிகாரத்திலும் ஓக் சக்கரங்கள்தான். நான் தேக்கில் அதே முறையில் பற்களைச் செருகிவருகிறேன்.